ஒளி சிகிச்சை அறையைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய தோல் மருத்துவப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்துக்கும்,

வணக்கம். வெண்புள்ளிக்காக உங்கள் ஒளி சிகிச்சை அறைக்கு வாரம் 3 நாள் வந்துகொண்டிருந்த 13 வயதுப் பெண்ணின் அம்மா நான். அந்த அறைக் கதவில் "இயந்திரம் பழுது" என்று ஒட்டிய தாள் இன்றோடு 26 நாளாக அப்படியே இருக்கிறது. எப்போது சரியாகும் என்று கேட்டால், "விளக்கு வரணும்மா" என்கிறார்கள். எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை.

இந்தச் சிகிச்சையில் தோலில் படவைக்கும் குறுகிய அலைவரிசைப் புற ஊதா ஒளியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 200 மில்லிஜூல் என்ற குறைந்த ஒளி அளவில் தொடங்கி, தோல் தாங்குவதைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டிக்கொண்டே போனீர்கள். பலன் தெரியவே 3 மாதமாவது ஆகும், நடுவில் விடக்கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னீர்கள். பரீட்சை நாளில்கூட நாங்கள் விடவில்லை. விட்டது உங்கள் அறை.

நாலாவது மாதத்தில்தான் அவள் கன்னத்தின் வெள்ளைத் திட்டுக்குள் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் எழுந்தன. மயிர்க்கால்களில் மிச்சமிருக்கும் நிற அணுக்கள் மேலே வருகின்றன, இது நல்ல அறிகுறி என்று உங்கள் இளம் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அன்று முதல் ராத்திரி டாக்ரோலிமஸ் களிம்பு தடவும்போதெல்லாம் கண்ணாடி முன் நின்று எண்ணுவாள். 7 இருந்தது, 9 ஆனது, அப்புறம் 14. பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்காராத நாளில்கூட வீட்டுக்கு வந்து எண்ணினாள். ஒட்டுநோய் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்காத உலகத்தில், அவளுக்குத் தைரியம் கொடுத்தது அந்த 14 புள்ளிகள்தான்.

3 வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் திரும்ப ஆரம்ப அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். போன வாரம் "மறுபடியும் 200-லிருந்தாம்மா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

"அதுவரை களிம்பைப் போடுங்கள்" என்கிறார்கள். போடுகிறோம். ஆனால் களிம்பும் ஒளியும் சேர்ந்தால்தான் முகத்தில் நல்ல பலன் என்று சொல்லித்தானே இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தீர்கள்? நோய் பரவுவதை நிறுத்த வாரம் 2 நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் எங்களோடு அந்த வரிசையில் நிற்கிறார்கள். கை விரல் நுனிகளில் திட்டு உள்ளவர்களின் நிலை இன்னும் பாவம். அங்கே மயிர்க்கால்களே கிடையாது, நிறம் திரும்புவது அபூர்வம். அவர்களும் நம்பிக்கையோடு வந்தவர்கள்தான்.

ஜூன் 25, உலக வெண்புள்ளி தினத்தில் மேடை போட்டுப் பேசினீர்கள். நல்ல பேச்சு, நானும் கைதட்டினேன். ஆனால் அதே மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் எல்லார் காதிலும் விழும்படி "வெண்குஷ்டமா?" என்று கேட்கிறார். குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்கு யார் சொல்வது? ஒளியில் நிற்பது சில நிமிடம், அதற்குக் காத்திருப்பது 2 மணி நேரம், அதுவும் பள்ளி நேரத்தில். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம், சிகிச்சை நடந்தால் போதும் என்று.

கோபத்தில் ஏதாவது கூடப் பேசியிருந்தால் மன்னியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: ஒளி சிகிச்சை இடைவெளி விழாமல் நடக்க வேண்டும். அந்த விளக்குகள் நாளாக நாளாக மங்கும் என்பது தெரிந்த விஷயம். ஒளியின் அளவை அவ்வப்போது அளந்து, மாற்று விளக்குகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அப்படியும் பழுதானால், இயந்திரம் உள்ள வேறு மருத்துவமனைக்கு அந்த வாரமே சீட்டுக் கொடுத்து அனுப்புங்கள். இடைவெளி விழக்கூடாது, ஐயா.

அறை எந்தத் தேதியில் திறக்கும் என்பதை மட்டுமாவது, தயவுசெய்து, அந்தத் தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருத்தியின் தாய்