நவம்பர் 17-க்காகப் பின்னிக்கொண்டிருக்கும் குரோஷா குழுக்களுக்கு

அன்புள்ள தோழிகளுக்கு,

வணக்கம். நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ நாள். அதற்காக ஊதா நூல் வாங்கி, குறைமாதக் குழந்தைகளுக்குச் சின்னப் போர்வைகள் பின்னி, பக்கத்திலுள்ள மருத்துவமனைக்குக் கொடுக்கலாம் என்று பல ஊர்களில் கிளம்பியிருக்கிறீர்கள். நான் அரசு மருத்துவமனை ஒன்றில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குரோஷா ஊசி பள்ளி நாட்களிலிருந்தே கையில் இருக்கிறது. வார்டும் தெரியும், நூலும் தெரியும் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீங்கள் பின்னுகிற துணி வார்டு பீரோவுக்குள் முடங்காமல் குழந்தையிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்காக ஒன்று கேட்கிறேன். போர்வையைத் தொடங்கும் முன்னால், ஒரே மாதிரி இரண்டு சின்னச் சதுரங்கள் பின்னுங்கள். 8 அங்குலத்துக்கு 8 அங்குலம் போதும்.

ஏன் சதுரம், ஏன் இரண்டு என்று சொல்ல, அந்தக் குழந்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதம். 28 வாரத்தில் பிறக்கிற குழந்தை ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்ந்திருக்காது, அதனால் உடம்புச் சூட்டைத் தானாகக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. வார்மரிலோ இன்குபேட்டரிலோ வைத்திருப்போம். வார்மர் மேலிருந்து சூடு கொடுக்கிற கருவி. மேலே போர்வையைப் போர்த்தினால் அந்தச் சூடு குழந்தைக்குப் போகாது. நெஞ்சு ஏறி இறங்குவது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தபடி இருக்க வேண்டும். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்தால் டயப்பரையும் கண்கட்டையும் தவிர உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது. ஆக, நீங்கள் ஆசையாகக் கொடுக்கிற போர்வைக்கு முதல் நாட்களில் அங்கே வேலையே இல்லை. சிஸ்டர் அதை வாங்கி மடித்து உள்ளே வைப்பது அலட்சியத்தால் இல்லை.

சின்னச் சதுரத்துக்கு அந்த நாட்களிலும் இடம் உண்டு. ஒன்றை அம்மா தன் ரவிக்கைக்குள், தோலில் படும்படி வைத்துக்கொள்வார். இன்னொன்று குழந்தையின் கன்னத்துக்குப் பக்கத்தில், மூக்கையும் வாயையும் மறைக்காமல் இருக்கும். பிறகு மாற்றிக்கொள்வார்கள். அம்மாவின் வாசனை குழந்தையிடம் போகும், குழந்தையின் வாசனை அம்மாவிடம் வரும். கண்ணால் பார்த்து அடையாளம் கண்டுகொள்வதற்கு வெகு நாள் முன்பே பச்சிளங்குழந்தை தாயை வாசனையால் அறியும்.

அம்மாவுக்கு அதனால் என்ன என்று கேட்பீர்கள். சிசேரியன் ஆன தையலோடு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுக்க வேண்டியவள் அவள். குழந்தை ஒரு கட்டடத்தில், அவள் இன்னொரு கட்டடத்தில் இருப்பதும் உண்டு. கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். சுற்றிலும் சத்தம். சொட்டுச் சொட்டாக வருகிற அந்தப் பாலைத்தான் நாங்கள் குழாய் வழியாகவும், குழந்தை விழுங்கப் பழகிய பிறகு பாலாடை என்ற சங்கு போன்ற சின்னக் கிண்ணத்தாலும் புகட்டுவோம். குழந்தை பக்கத்தில் இல்லாதபோது பால் சுரப்பது கஷ்டம். குழந்தையிடம் இருந்து வந்த துணியை முகத்தருகே வைத்துக்கொண்டு பீய்ச்சும்போது கொஞ்சம் சுலபமாக வருகிறது என்று எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வாசனை, குரல், போட்டோ எதுவாக இருந்தாலும் குழந்தையின் நினைவு பால் இறங்க உதவும் என்பது பாலூட்டல் ஆலோசகர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று எதுவும் வாங்கி வைக்க மாட்டோம். வளைகாப்புக்கு நாள் குறித்திருப்பார்கள், குழந்தை அதற்கு முன்பே வந்துவிடும். வெறுங்கையோடு வந்து வார்டு வாசலில் நிற்கும் குடும்பம் அது. ‘ஏழு மாதம் தங்கும், எட்டு மாதம் தங்காது’ என்று யாராவது அந்த நேரம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அது பொய். வயிற்றில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான். இப்படியெல்லாம் கேட்டு நொந்திருக்கும் பெண்ணுக்கு, இது உன் குழந்தைக்கு, இது உனக்கு என்று இரண்டு சதுரங்களை நீட்டினால், அவள் செய்யக்கூடிய ஒரு காரியம் அவள் கைக்கு வருகிறது. அதைவிடப் பெரிதாக நாம் எதுவும் கொடுத்துவிட முடியாது.

சரி, போர்வையே வேண்டாமா? வேண்டும். அதற்கான நேரம் அடுத்து வருகிறது. குழந்தையின் நிலைமை சற்றுத் தேறியதும் அம்மாவின் வெறும் மார்பில் தோலோடு தோலாக அணைத்துக் கட்டிவிடுவோம், கங்காரு தாய்ப் பராமரிப்பு. 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய வழி இது. இன்று உலகம் முழுக்க இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரை இன்னும் ஒரு படி மேலே போனது. நிலைமை தேறட்டும் என்று காத்திருக்காமல், முடிந்தவரை பிறந்த உடனேயே தொடங்குங்கள், ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை வைத்திருங்கள் என்கிறது. அம்மாவின் மார்பில் குழந்தை கிடக்கும்போது அதன் முதுகின் மேல் போடத்தான் உங்கள் போர்வை. இரண்டடிக்கு இரண்டடி தாராளம். அப்பா, பாட்டி, சித்தி யார் அணைத்தாலும் அதே போர்வை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். அன்பளிப்போடு வைக்கும் அட்டையில் ‘அம்மாவின் அணைப்புக்குப் பதிலாக’ என்ற மாதிரி எழுதாதீர்கள். அந்த அட்டையைப் படிக்கப் போவது, குழந்தையைத் தூக்க முடியாமல் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற அம்மா. குழந்தைக்கு மருந்தே அவள் மார்புதான், துணி அதற்குத் துணை. 2013-இல் டென்மார்க்கில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய குரோஷா ஆக்டோபஸ் பொம்மையையும் நம் குழுக்கள் நிறையப் பின்னுகின்றன. அதன் சுருள் கால்கள் தொப்புள்கொடியை ஞாபகப்படுத்தும் என்கிறார்கள். உறுதியான ஆய்வுச் சான்று அதற்குக் கிடையாது. தையல் பிரிந்தால் உள்ளேயிருக்கும் பஞ்சு வெளியே வரும், துவைத்துக் காயவைக்கவும் சிரமம். எனக்கென்னவோ, அந்த நேரத்தில் நாலு சதுரம் கூடுதலாகப் பின்னலாம் என்று தோன்றுகிறது.

இனி நூலுக்கு வருகிறேன். கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். வியர்வையை உறிஞ்சாது. வார்டில் துணியை ஆட்டோகிளேவ் என்ற கிருமி நீக்கும் கருவியில் வைப்போம், அதன் 121 டிகிரி நீராவியில் அக்ரிலிக் உருக்குலைந்துவிடும். ‘மில்க் காட்டன்’ என்ற பெயரில் விற்பதும் அநேகமாகக் கலப்பு நூல்தான், லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். நூறு சதவீதப் பருத்தி நூல், 4 பிளை, சாயம் இறங்காததாக இருக்கட்டும். ஊதாதான் வேண்டும் என்று இல்லை. வெள்ளையும் வெளிர் நிறங்களும் எங்களுக்கு வசதி, குழந்தையின் தோல் நிறத்தைப் பார்த்துத்தான் பல விஷயங்களைக் கண்டுபிடிக்கிறோம். அடர்ந்த மஞ்சளும் நீலமும் பக்கத்தில் கிடந்தால் கண் தடுமாறும்.

அப்புறம் பின்னல். உங்கள் கையில் அழகாக வருகிற பூவேலை, விசிறி வேலை, கிரானி ஸ்கொயர் எல்லாவற்றையும் இதற்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். குறைமாதக் குழந்தையின் விரல் தீக்குச்சியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஓட்டையில் விரல் நுழைந்து நூல் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அழக்கூடத் தெம்பு இருக்காது. நெருக்கமாக இருக்க வேண்டும் என்று சின்ன ஊசியில் சிங்கிள் குரோஷே இறுக்கிப் போட்டாலோ துணி அட்டை போல விறைத்துவிடும். நான் பயன்படுத்துவது மாஸ் ஸ்டிச். ஒரு சிங்கிள், ஒரு செயின், ஒரு கண் விட்டு அடுத்த சிங்கிள். அடுத்த வரிசையில் கீழே உள்ள செயின் இடைவெளிக்குள்ளேயே சிங்கிளைப் போடுவதால் ஓட்டை அடைபட்டுவிடும், துணியும் குழைவாக வரும். 4 பிளை நூலுக்கு 3 அல்லது 3.5 மில்லிமீட்டர் ஊசி சரியாக இருக்கும். கண் எண்ணிக்கை சொல்ல மாட்டேன், ஒவ்வொருவர் கை ஒவ்வொரு இறுக்கம். அளவுகோலை வைத்துப் பாருங்கள். முடித்ததும் லேசாக இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியலாம், பென்சில் நுழைகிற இடம் இருக்கக் கூடாது.

ஓரத்துக்கு ஒரு சுற்று சிங்கிள் போதும். குஞ்சலம், மணி, பொத்தான், ரிப்பன் எதுவும் வேண்டாம். நூல் மாற்றும் இடத்தில் முடிச்சுப் போடாமல், மொட்டை ஊசியில் கோத்து மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் ஓட்டி மறைத்துவிடுங்கள். தழும்பே ஏறாத தோலில் ஒரு சின்ன முடிச்சுகூட இரவு முழுக்க உறுத்தும். ஓரம் நன்றாக அமைந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. இந்தக் குழந்தைகள் கையில் எது பட்டாலும் பிடித்துக்கொள்ளும். பல நேரம் பிடிப்பது வாயில் விட்டிருக்கும் பால் குழாயை. ஐந்து விரலையும் மடக்கிச் சதுரத்தின் ஓரத்தைப் பிடித்திருக்கும் குழந்தை குழாயை விட்டுவிடும். சிஸ்டருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று வார்டில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

துவைப்பதைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னி முடித்ததை பாச்சா உருண்டை போட்ட பீரோவில் வைக்கவே வைக்காதீர்கள். அதில் இருக்கும் நாப்தலின் துணியில் ஏறிக்கொள்ளும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. சாம்பிராணிப் புகை, சென்ட், மணக்கிற கம்ஃபோர்ட் திரவம் இவையும் வேண்டாம். அம்மா வாசனை ஏற வேண்டிய துணியில் வேறு வாசனை எதற்கு? வாசனையில்லாத சோப்பில் வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, புது பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுங்கள். பருத்தி முதல் அலசலில் சுருங்கும், அதனால் துவைத்த பிறகு அளவு பாருங்கள்.

எழுதத் தயங்கிய விஷயம் ஒன்று இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எல்லாக் குழந்தையும் வீட்டுக்குப் போவதில்லை. அரைக் கிலோ, முக்கால் கிலோவில் பிறந்து சில மணி நேரமே இருந்துவிட்டுப் போகிற குழந்தைகளை வார்டு துணியில் சுற்றித்தான் கொடுப்போம். அந்தப் பெற்றோருக்கும் உங்கள் சதுரங்கள் வேண்டும். ஒன்று குழந்தையோடு போகும், இன்னொன்று அம்மாவிடம் இருக்கும். விருப்பம் இல்லாதவர்களிடம் யாரும் திணிக்க மாட்டோம். ஆனால் கேட்கிற அம்மாவிடம் இல்லை என்று சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. வெள்ளையில் சில ஜோடிகள் தனியாகக் கட்டி, ‘தேவைப்படும் குடும்பத்துக்கு’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். சிஸ்டர்கள் புரிந்துகொள்வார்கள்.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. உங்களில் சிலர் அதற்கும் பின்னியிருப்பீர்கள். தபாலிலும் பஸ்ஸிலும் துண்டு துண்டாக வந்து சேர்ந்ததை அளவு பிசகாமல் இணைக்கும் ஒழுங்கு நம் பெண்களிடம் இருக்கிறது. அதே ஒழுங்கைத்தான் இந்த 8 அங்குலத்துக்கும் கேட்கிறேன்.

பின்னத் தொடங்கும் முன் ஒருவர் மட்டும் மருத்துவமனைக்குப் போய் வாருங்கள். பச்சிளங்குழந்தைகள் பிரிவின் பொறுப்புச் செவிலியரைப் பாருங்கள். பணி மாறும் காலை நேரத்தில் போக வேண்டாம், மதியம் இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் பேச முடியும். மாதிரிக்கு ஒரு ஜோடியைக் காட்டி, இதை உள்ளே அனுமதிப்பீர்களா, ஆட்டோகிளேவ் செய்வீர்களா, மாதத்துக்கு எத்தனை ஜோடி வேண்டும் என்று கேளுங்கள். சில இடங்களில் தொற்று பயத்தால் வெளித்துணியே கூடாது என்பார்கள். வாக்குவாதம் வேண்டாம், தாய்மார்கள் தங்கும் வார்டுக்குப் போர்வை மட்டும் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். உறைக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: நூறு சதவீதப் பருத்தி, துவைத்த தேதி, ‘குழந்தை வீட்டில் தூங்கும்போது முகத்தருகே வைக்க வேண்டாம்’. வார்டில் மானிட்டரும் நாங்களும் பார்த்துக்கொண்டே இருப்போம், வீட்டில் நடுராத்திரியில் அப்படி யாரும் விழித்திருக்க முடியாது.

நவம்பரில் ஐநூறு கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதைவிட, மாதா மாதம் இருபது ஜோடி கொடுங்கள். டிசம்பரிலும் மார்ச்சிலும் குழந்தைகள் முன்கூட்டியே வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி, ஓய்வுபெற்ற செவிலியர்