பின்முற்றத்துப் புல்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

பாடசாலை மண்டபத்தின் பின்முற்றத்தில் இந்த இலையுதிர் காலத்தில் மறுபடியும் புல் பதிக்கப் போகிறோம். "மறுபடியுமா?" என்று சிலர் கேட்பீர்கள். கேட்பது நியாயம். போன வருடம் உங்கள் காசிலும் உழைப்பிலும் பதித்த புல் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. அது ஏன் பட்டுப்போனது என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது. விளங்கியதைச் சொல்லாமல் உங்களிடம் இன்னொரு தரம் உதவி கேட்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் வழக்கத்தைவிட நீளம்.

போன ஆனி மாதம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று, வேரும் மண்ணுமாக வெட்டிப் பாய்போலச் சுருட்டி விற்கிற புல்சுருள்களை வாங்கினோம். வியாழக்கிழமை வந்து இறங்கியவற்றை எல்லோருக்கும் வசதியான நாள் என்று சனிக்கிழமை மத்தியானம்தான் பிரித்தோம். நடுவில் இருந்த சுருளுக்குள் கையை விட்டபோது சூடாக இருந்தது. ஈர வைக்கோலைக் குவித்து வைத்தால் உள்ளே புழுங்குமே, அதே சூடு. புல்லின் பாதி மஞ்சளாகிவிட்டது. அதை நாலு சென்ரிமீற்றர் மண்ணின்மேல் விரித்தோம். அதற்குக் கீழே வெறும் வெண்பாறை. ஆவணியில் பாலர் வகுப்புப் பிள்ளை ஒருவர் அந்தப் புல்லின் ஓரத்தைப் பிடித்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். ஒரு வேர்கூடக் கீழே இறங்கியிருக்கவில்லை. திட்டமிட்டவன் நான், தவறும் என்னுடையதுதான்.

நாங்கள் எந்தத் தரையில் நிற்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில் பிரைற்றனிலிருந்து கிழக்கே ஈஸ்ற்போர்ண் பக்கம் போனால் கடற்கரையோரம் வெள்ளை வெளேரென்று பாறைச் சுவர்கள் தெரிகின்றனவே, அந்தப் பாறையின் முதுகில்தான் எங்கள் மண்டபம் இருக்கிறது. ஊரில் கரும்பலகையில் எழுதினோமே வெண்கட்டி, ஆங்கிலத்தில் அதன் பெயரும் இந்தப் பாறையின் பெயரும் ஒன்றுதான், சோக் (chalk). பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளின் சுண்ணாம்பு ஓடுகள் கடலடியில் படிந்து படிந்து உண்டானது. இடையிடையே தீக்கல் உருண்டைகள். பிள்ளைகளின் முழங்காலைக் கிழிக்கிற கல் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய கதையல்ல. எங்கள் குடாநாடும் சுண்ணாம்புக் கல்லின்மேல்தான் கிடக்கிறது. அது இதைவிட வயது குறைந்த, ஆனால் இதைவிடக் கடினமான கல். அங்கேயும் மழைநீர் தரையில் நிற்காமல் கல்லிடுக்கால் கீழே இறங்கிக் கிணற்றில்தான் கிடைக்கும். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதும் அப்படித்தான். இங்கேயும் பிரைற்றன் குடிக்கிற தண்ணீர் இந்த வெண்பாறைக்குள்ளிருந்து வருவதுதான். வீட்டில் கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளையாகப் படிந்திருப்பது தெரியும்.

இந்த மண்ணில் புல்லுக்கு மூன்று தொல்லைகள். மேல்மண் மெல்லியது, தண்ணீர் தங்காது என்பது முதலாவது. இரண்டாவது, மண்ணில் காரத்தன்மை அதிகம். போன தவணை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முற்றத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு வினாகிரி ஊற்றினார்கள். சோடாவைத் திறந்ததுபோல நுரைத்தது. சுண்ணாம்பு இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இப்படிப்பட்ட மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. புல் வெளிறிப்போகும். "கந்தகம் போட்டால் சரியாகிவிடும்" என்று தகப்பன் ஒருவர் அக்கறையோடு சொன்னார். வேறு இடமென்றால் சரி. இங்கே ஒரு பிடி கந்தகம் உண்டாக்குகிற அமிலத்தைக் கீழே இருக்கிற சுண்ணாம்பு உடனே தின்றுவிடும். அந்தப் பாறை எங்கள் ஆயுளில் தீராது. ஆகவே மண்ணை மாற்றப் பார்க்காமல், இந்த மண்ணைப் பொறுக்கிற புல்லைத் தேடுவதுதான் வழி. மூன்றாவது தொல்லை உப்புக்காற்று. தென்மேற்கிலிருந்து புயல் அடித்தால் யன்னல் கண்ணாடியில் உப்புப் படிகிறதே, அது புல்லின்மேலும் படியும்.

இதற்கெல்லாம் மருந்து எங்கள் அப்பப்பாக்களிடம் இருந்தது. தோட்டத்தில் பூவரசங்குழையையும் பனையோலையையும் வெட்டிப் போட்டுக் குழை தாட்டார்களே, சுண்ணாம்புத் தரையில் ஈரத்தைப் பிடித்து வைக்க அதைவிட நல்ல வழி இல்லை. இங்கே பூவரசுக்குப் பதிலாக மக்கிய இலைப்பசளையும் நன்றாக உக்கிய குதிரைச் சாணமும். இரண்டும் மண்டபத்துக்குப் பின்னால் போன மாதமே வந்து சேர்ந்துவிட்டன.

எனவே இம்முறை வேலைநாள் இரண்டு. முதலாவது, செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்குப் புல் வராது, மண் மட்டும்தான். முற்றம் 10 மீற்றருக்கு 8 மீற்றர், 80 சதுர மீற்றர். இருக்கிற மண்ணைக் கிளறிக் கல் பொறுக்கிப் பசளை கலந்த பிறகு, அதன்மேல் பத்துச் சென்ரிமீற்றர் புது மேல்மண் போட வேண்டும். எட்டுக் கன மீற்றர். இறுகுமென்பதால் ஒன்பது சொல்லியிருக்கிறோம். நிறை பத்துத் தொன்னைத் தாண்டும். கண்ட கண்ட மண்ணை வாங்காமல் பிஎஸ் 3882 என்ற பிரித்தானியத் தரத்துக்குச் சோதித்த மண்ணாகக் கேட்டிருக்கிறேன். செலவில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது, புல்லுக்கு அல்ல. கணக்கைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். போன வருடம் மிச்சம் பிடித்தது இந்த மண்ணில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மண்ணைப் பரப்பிய பிறகு பெரியவர்கள் வரிசையாக நின்று குதிக்காலால் மெல்ல மெல்ல மிதித்து வர வேண்டும். பிறகு வாரி, திரும்பக் குறுக்காக மிதிக்க வேண்டும். பள்ளம் கிடந்தால் அங்கே புல் மண்ணைத் தொடாமல் தொங்கும், காய்ந்துவிடும். ஈரம் கூடிச் சேறாக இருந்தால் அன்றைக்கு மிதிக்க மாட்டோம். நாள் தள்ளிப்போனால் குறுஞ்செய்தி அனுப்புவேன்.

இரண்டாவது நாள், ஒக்ரோபர் மூன்றாம் சனிக்கிழமை. வாணி விழா வேலைகளோடு சேர்ந்து வருகிறது என்பது தெரியும். ஆனாலும் தரையில் இன்னும் சூடு இருக்கிற, மழையும் வருகிற காலம் அதுதான்; பிந்தினால் உறைபனி வந்துவிடும். போன முறை ஆனியில் பதித்தது எங்கள் வசதிக்கு. புல்லுக்கு அது ஆகாத மாதம்.

வாங்குவது பற்றி: இம்முறை கடைக்காரரிடம் நான்கு கேள்விகள் கேட்டுத்தான் சொல்லியிருக்கிறோம். எப்போது வெட்டுவீர்கள், என்ன புற்கலவை, எந்த மண்ணில் வளர்த்தது, அடியில் பிளாஸ்ரிக் வலை இருக்கிறதா. வெள்ளிக்கிழமை வெட்டிச் சனி காலையில் இறக்குவதாக உறுதி தந்திருக்கிறார்கள். வெட்டி ஒரு நாளுக்குள் பதித்துவிட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வலை வேண்டாம் என்று சொன்னேன், பிள்ளைகளின் சப்பாத்து அதில் மாட்டும். கலவையில் றை கிராஸ் என்ற புல்தான் அதிகமாக இருக்கும். ஓட்டத்தையும் பந்தையும் தாங்குகிறது அதுதான். அதோடு செந்நிற ஃபெஸ்கியூ என்ற புல். மெல்லிய இலை, வறட்சியையும் சுண்ணாம்பையும் தாங்கும்; அதில் மெல்லிய கொடியோடுகிற ஒரு வகை உப்பையும் தாங்கும். மூன்றாவதாகக் கொஞ்சம் புல்வெளிப் புல். அது நிலத்துக்குக் கீழே தண்டோடி, பிள்ளைகள் கிழித்த இடத்தைத் தானே மூடும்.

ஓர் அம்மம்மா என்னிடம் "ஏன் தம்பி, அறுகம்புல்லை நட்டால் என்ன? ஊரில் அது எந்த வெயிலுக்கும் சாகாதே" என்று கேட்டார். நல்ல கேள்வி. அறுகு வெயில் நாட்டுப் புல். இந்தக் குளிரில் குளிர்காலம் முழுவதும் பழுப்பாகிக் கிடக்கும். பிள்ளையாருக்கு வைக்க ஒரு சட்டியில் வளர்ப்போம், முற்றத்துக்கு வேண்டாம். இன்னொருவர் பக்கத்து மேட்டுநிலத்தில் நல்ல புல் கிடக்கிறதே என்றார். அந்தப் பழைய புல்வெளியில் ஒரு சதுர மீற்றருக்குள் நாற்பது வகைச் செடிகள்வரை இருக்கும். நூற்றாண்டுகளாக ஆடுகள் மேய்ந்து உண்டானது. அதில் ஒரு கைப்பிடிகூட வெட்டக் கூடாது. பிளாஸ்ரிக் புல் என்ற யோசனையையும் கேட்டேன். கோடையில் கால் சுடும். மண்ணைத் தொட்டு வளர வேண்டிய வயதில் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

84 சுருள்கள் வரும். 80 போதும், நாலு வெட்டுச் சேதத்துக்கு. ஒன்று ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர், நனைந்திருந்தால் 20 கிலோ. முதுகு நோ உள்ளவர்கள் தயவுசெய்து தூக்க வேண்டாம், பலகை மாற்றவும் தண்ணீர் பிடிக்கவும் ஆள் தேவை. மதில் ஓரத்து நேர்கோட்டில் தொடங்குவோம். அடுத்த வரிசையை, செங்கல் அடுக்குவதுபோல, இணைப்பு நேருக்கு நேர் வராமல் வைக்க வேண்டும். நெருக்கித் தள்ளலாம், இழுக்கக் கூடாது. இழுத்த புல் காயும்போது சுருங்கி இடைவெளி விடும். போன முறை நான் கண்ட வெடிப்புகள் எல்லாம் இழுத்ததால் வந்தவை. பதித்த புல்லில் நிற்காமல் பலகையின்மேல் நின்று முன்னே போவோம். ஓரத்தில் சிறு துண்டு வைக்க நேர்ந்தால் அதை உள்ளே தள்ளி, முழுத் துண்டை ஓரத்தில் வைப்போம். காற்று முதலில் காயவைப்பது ஓரத்தைத்தான். வெட்டப் பழைய பாண் கத்தி போதும். கடைசியாக இணைப்புகளுக்குள் மணல் கலந்த மண்ணைத் தும்புத்தடியால் தள்ளி, நிறையத் தண்ணீர் விடுவோம். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் அடிமண் நனைந்திருக்க வேண்டும், மேலே ஈரம் தெரிவது போதாது.

பதித்த பிறகு மழை இல்லாத நாளில் தண்ணீர் விட, மண்டபத்துக்குக் கிட்ட இருக்கிற குடும்பங்கள் ஆறு ஏற்கெனவே முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. பெரும் புயல் அடித்து மழை வராமல் போனால், அடுத்த நாளே குழாய்த் தண்ணீரால் உப்பைக் கழுவிவிட வேண்டும். வசந்தத்தில் புல் வெளிறினால் அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் சொல்வார்களே, அதே இரும்பு உப்பைத் தண்ணீரில் கலந்து மெல்லியதாகத் தெளிப்போம். அந்தக் கிழமை வெள்ளைச் சப்பாத்தோடு பிள்ளைகளை அனுப்ப வேண்டாம், துருக்கறை போகாது.

2022 கோடையில் கென்ற், சசெக்ஸ் பகுதிகளில் குழாயால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை வந்தது. அப்படி மறுபடி வந்தால் புல் மஞ்சளாகட்டும், விட்டுவிடுவோம். வேர் ஆழமாக இறங்கியிருந்தால் மழையோடு திரும்பப் பச்சையாகும். அந்த ஆழத்துக்காகத்தான் இவ்வளவு மண்.

கடைசியாக ஒரு கடினமான வேண்டுகோள். பதித்த நாளிலிருந்து ஆறு கிழமைக்கு யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. ஓடிப் பிடித்தலும் பந்தும் மாசி மாதம் முடியும்வரை இல்லை. பிள்ளைகளுக்கு இது நெடுங்காலம். இடைவேளையில் வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். வீட்டில் நீங்களும் சொல்லி வையுங்கள். பங்குனியில் முதல் தரம் வெட்டிய பிறகு, பாலர் வகுப்புப் பிள்ளைகளைத்தான் முதலில் அதில் விடுவோம். போன வருடம் புல்லைச் சுருட்டிக்கொண்டு வந்த பிள்ளை இப்போது முதலாம் வகுப்பு. அவரையும் அன்றைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: இரண்டு நாளும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குவோம். தள்ளுவண்டி, மண்வெட்டி, இரும்பு வாரி, இரண்டு மீற்றர் நீளப் பலகை உள்ளவர்கள் பெயரெழுதி ஒட்டிக் கொண்டு வாருங்கள். கல் பொறுக்க வரும் பிள்ளைகளுக்குக் கையுறை கட்டாயம், தீக்கல்லின் விளிம்பு கண்ணாடிபோல வெட்டும். மத்தியானச் சாப்பாடும் தேத்தண்ணீரும் பாடசாலை தரும்.