ஐந்து ஆண்டுகள் நிறைவில் ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமான எங்கள் சேகரத்துச் சபையாருக்கும், என் இருண்ட நாள்களில் என்னைக் கைவிடாமல் உடன் நின்ற அனைவருக்கும், ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் அன்பின் வணக்கம்.

நான் கடைசியாகக் குடித்தது 2020 செப்டம்பரில். இந்தச் செப்டம்பரோடு ஐந்து ஆண்டுகள் நிறைவடைகின்றன. சபையாகச் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையில் சாட்சி சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம், "கர்த்தர் என்னை விடுவித்தார்" என்று சொல்லி அமர்ந்திருக்கிறேன். அது முழு உண்மை. ஆனால் அவர் எந்தெந்தக் கைகளைக் கொண்டு என்னைத் தூக்கியெடுத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டது என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்ததால் இந்த மடலை எழுதுகிறேன். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற கூட்டத்திற்கு நான் செல்கிறேன்; அதன் மரபுப்படி இதில் யாருடைய பெயரும் இல்லை. படிக்கும்போது உங்களை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

என் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. நாசரேத்தைச் சுற்றியுள்ள வாழைத் தோட்டங்களின் கிணற்று மோட்டார்கள்தான் எனக்குச் சோறு போட்டவை. மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் 24 ஸ்லாட்டுகளில், அதாவது பள்ளங்களில், செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிக்கை தவறாமல், மேல்பூச்சான எனாமல் உரியாமல் இறக்குவதற்குக் கை நிதானம் வேண்டும். மாலையில் ஒரு குவார்ட்டர் என்று தொடங்கிய பழக்கம், பதினைந்து ஆண்டுகளில், காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கம்பியைப் பிடிக்க முடியும் என்ற நிலைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது. காரணமில்லாத காயங்களையும் இரத்தம் கலங்கின கண்களையும் பற்றி நீதிமொழிகள் 23ஆம் அதிகாரம் சொல்வதை என் மனைவி குடும்ப ஜெபத்தில் வாசிக்க நேர்ந்த ஓர் இரவில், அவள் குரல் பாதியில் நின்றுபோனதை நான் சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

2018இல் ஒரு முறை சிகிச்சை எடுத்தேன். பிறகு ஒரு ஜெபக் கூட்டத்தில், விசுவாசம் இருப்பவனுக்கு மாத்திரை எதற்கு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு மருந்தை நிறுத்தினேன். ஒரு மாதத்திற்குள் மறுபடியும் குடித்தேன். இதை யார் மீதும் குறையாகச் சொல்லவில்லை. என்னைப் போல் யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் மூடப்பட்டன. வீட்டில் இருந்தது 24ஆம் தேதியோடு தீர்ந்தது. 26ஆம் தேதி விடியற்காலையில் எனக்கு வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். தெருவில் ஒரு தம்பி 108க்கு அழைத்தான். நோய்த்தொற்று பயத்தில் ஒருவரையொருவர் தொடவே அஞ்சிய அந்த நாள்களில் என்னை வண்டியில் ஏற்றிய நால்வருக்கும் நான் உயிருள்ளவரை கடன்பட்டவன். நீண்ட காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாள்களுக்குள் வலிப்பும், அதன்பின் சித்தக் கலக்கமும் வந்து உயிரே போகலாம் என்பதை மருத்துவமனையில் இருந்த மருத்துவர் ஐயாதான் எனக்கு முதன்முதலாக விளக்கினார். உடல் நடுக்கத்தை அடக்க மருந்தும், மூளையைக் காக்கத் தயமின் என்னும் வைட்டமின் ஊசியும் போட்டார்கள். என் தலைமாட்டில் வேதாகமம் இருப்பதைப் பார்த்த அந்த மருத்துவர், "ஜெபத்தையும் விடாதீங்க, மருந்தையும் விடாதீங்க" என்றார். அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் 2018இல் நான் கேட்டிருக்க வேண்டிய உபதேசம் அதுதான்.

வீடு திரும்பினேன். மருத்துவமனை நாள்களையும் சேர்த்து நாற்பது நாள்களுக்கு மேல் குடிக்காமல் இருந்தேன். வனாந்தரத்தைக் கடந்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன். எண்ணியதோடு நில்லாமல் நாலு பேருக்குப் போன் போட்டும் சொன்னேன். மே 7ஆம் தேதி கடைகளைத் திறந்தார்கள். அன்று மத்தியானமே நான் வரிசையில் நின்றேன்.

அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். ஏனென்றால் முதல் தரம் விழுந்தவனைத் தூக்கப் பலர் வருவார்கள். மூன்றாம் தரம் விழுந்தவனைத் தேடி வருபவர்கள் மிகச் சிலரே. அப்போது எங்கள் சேகரத்தில் போதகராக ஊழியம் செய்த ஐயரவர்கள் வந்தார்கள். ஆலயம் பூட்டியிருந்தது, பட்டறையும் பாதி நாள் பூட்டியேதான் கிடந்தது. முகக்கவசம் அணிந்துகொண்டு, பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கம்பி தீர்ந்த ஒரு மர உருளையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார்கள். குடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இது எந்தத் தோட்டத்து மோட்டார், எத்தனை குதிரைத்திறன், காயில் ஏன் கருகியது என்று கேட்பார்கள்; கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் சிறு ஜெபம் செய்து கிளம்பிவிடுவார்கள். சில நாள் நான் வாடையோடு இருந்தேன், அப்போதும் முகம் சுளிக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், அவர்கள் கேளாமலேயே, "ஐயா, என்னால் நிறுத்த முடியவில்லை" என்று நானே சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு மூன்று மாதங்கள் தேவைப்பட்டன. அந்த மூன்று மாதங்களையும் அவசரப்படாமல் எனக்குத் தந்ததற்காக, இன்று வேறு சேகரத்தில் ஊழியம் செய்யும் ஐயரவர்களுக்கு என் முதல் நன்றி.

செப்டம்பரில் அவர்களே என்னைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்று சேர்த்தார்கள். இருபத்தொரு நாள் உள்நோயாளியாக இருந்தேன். அங்கேதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சகோதரர்களைச் சந்தித்தேன். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குச்சந்தைத் தரகரும் ஒரு மருத்துவரும் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கிய கூட்டுறவு அது. அது எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. அவரவர் புரிந்துகொண்ட கடவுளிடம் தம்மை ஒப்புக்கொடுக்கச் சொல்கிறது. எனக்கு வழிகாட்டியாக இருக்கும் அண்ணன் திருச்செந்தூர் முருகனை வணங்குபவர். நான் இயேசுவிடம் என்னை ஒப்புக்கொடுத்தேன். "இன்று ஒரு நாள் மட்டும்" என்று இருவரும் சேர்ந்தே சொல்கிறோம். இரவு எந்த நேரத்தில் அழைத்தாலும் போனை எடுத்த அந்த அண்ணனுக்கு என் நன்றி. பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, செய்த தவறுகளைக் கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்வது. அதை நான் ஐயரவர்களிடம் செய்தேன். மகளின் காதணியை எடுத்து அடகு வைத்ததையும், அவள் தொலைத்துவிட்டதாகச் சொல்லி அவளையே அடித்ததையும் அன்றுதான் முதல் தரமாக வாய்விட்டுச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மகளிடமும் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்பா" என்றாள்.

இனிச் சொல்லப்போவது சபையாரில் பலருக்குத் தெரியாது. 2021 ஈஸ்டருக்கு முந்தின வாரம், நற்கருணைப் பாத்திரத்தின் திராட்சரசத்தை நினைத்து எனக்குப் பயம் வந்தது. ஒரு துளி நாவில் பட்டாலும் என்ன ஆகுமோ என்று நடுங்கினேன். அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாமா என்று ஐயரவர்களிடம் கேட்டேன். உனக்கு மட்டும் தனியாக எதற்கு என்று சொல்லி, ஆலய மணியடிக்கும் பெரியவரின் வீட்டில் உலர்ந்த திராட்சையை வாங்கிக் கொடுத்து, கொதிக்க வைத்து வடிகட்டிய புளிக்காத ரசத்தைச் சபை முழுவதற்கும் ஆயத்தம் செய்தார்கள். ஒரு சகோதரன் இடறுவதற்கு ஏதுவானதைச் செய்யாமலிருப்பதே நல்லது என்று ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியிருப்பதை நான் எத்தனையோ முறை கேட்டதுண்டு. அந்த ஈஸ்டர் காலையில் உங்கள் அனைவரோடும் முழங்காற்படியிட்டபோது, எனக்காகவே ஒரு சபை முழுவதும் ஒரே ரசத்தைப் பருகியதைக் கண்ணால் கண்டேன். அன்றிலிருந்து மாதந்தோறும் அதைக் கொதிக்க வைக்கும் அம்மாவுக்கு என் நன்றி.

நான் மருத்துவமனையில் இருந்தபோது என் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யாருக்கும் தெரியாமல் கட்டிய பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கும், அரிசியும் தேங்காயும் கொடுத்தனுப்பியவர்களுக்கும் நன்றி. என் மனைவிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அதை நான் வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவரைக் குறிப்பிடாமல் முடிக்க முடியாது. முன்பு இரண்டு முறை அவருடைய மோட்டாரைக் கெடுத்திருக்கிறேன். முன்பணத்தை வாங்கிக் குடித்துமிருக்கிறேன். நான் திரும்பி வந்த மறுவாரம் அதே மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் இறக்கிவிட்டு, "நீதாம்ல கட்டணும்" என்றார். அன்று பழைய காயிலை வெட்டியெடுத்து, ஸ்லாட்டுகளைத் துடைத்து, பேப்பர் மடித்துச் செருகி, முதல் காயிலை விரலால் அழுத்தி இறக்கினேன். கை நடுங்கவில்லை. கம்பி ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. அப்படியே கம்பியைப் பிடித்தபடி அழுதேன். அந்த மோட்டார் இன்றும் ஓடுகிறது.

ஐயரவர்கள் உட்கார்ந்த மர உருளை பட்டறையில் அதே இடத்தில்தான் கிடக்கிறது. உங்கள் வீட்டில் குடியால் தவிப்பவர்கள் இருந்தால் அனுப்பி வையுங்கள், கூட்டிக்கொண்டும் வாருங்கள். சனிக்கிழமை மாலைக் கூட்டத்திற்கு நான் பாளையங்கோட்டை போகும்போது பைக்கின் பின்இருக்கை காலியாகத்தான் இருக்கிறது.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
காயில் கட்டுபவன்