போனஸ் வருவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். முந்தாநாள் போனில், தீபாவளிக்கு 1,60,000 ரூபாய் போனஸ் வரும் என்று சொன்னாய். அம்மா அப்படியே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். அதே மூச்சில் காருக்கு முன்பணம் கட்டப்போவதாகவும் சொன்னாய். நான் ஒன்றும் பேசவில்லை. எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும் என்று தோன்றியது.

உனக்கு மாதம் பிறந்தால் சம்பளம். நம் வீட்டுக்குப் பணம் அப்படி வந்ததே இல்லை. 45 நாளைக்கு ஒரு தேங்காய் வெட்டு. அன்றைக்குக் கை நிறையப் பணம் இருக்கும், அப்புறம் அடுத்த வெட்டு வரை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மொத்தமாக வரும் பணத்தோடு முப்பது வருஷம் பழகியவன் நான். அப்படியும் ஒரு தடவை பெரிதாகத் தவறினேன். அதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

2014 ஆடியில் ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு மொய் வாங்கும் மொய் விருந்து நாம் வைத்தது நினைவிருக்கும். நீ பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். கிடா, அரிசி, பந்தல் எல்லாச் செலவும் போக ஐந்து லட்சத்துச் சொச்சம் கையில் நின்றது. ராத்திரி உட்கார்ந்து எண்ணிக் கட்டும்போது, அவ்வளவும் என் பணம் என்றே நினைத்தேன். மாடி எடுத்தேன், வண்டி மாற்றினேன். நோட்டில் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தது. அவர்கள் வீட்டு விருந்து வரும்போது பழையதைத் திருப்பி, மேலே புதிதாகவும் கொஞ்சம் போட்டு எழுத வேண்டும். பேராவூரணிப் பக்கம் பிறந்த எவனுக்கும் இது தெரியும். தெரிந்தும் நான் அந்த நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. விடிந்ததும் நாம் இருவரும், மரங்கள் சாய்ந்து கிடந்த தோப்புக்குள் போக வழியில்லாமல் வாய்க்கால் கரையிலேயே நின்றோமே. திரும்ப நெட்டைத் தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். மரம் போனாலும் மொய் போகவில்லை. மறு வருஷம் ஆடிக்குள் 38 விருந்துப் பத்திரிகைகள் வந்து சேர்ந்தன. கம்பியில் குத்தி வைத்திருந்த அந்தக் கட்டைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அம்மாவின் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போனது அப்போதுதான். நீ கேட்டபோது லாக்கரில் இருக்கிறது என்று சொன்னாள். மீட்க நான்கு வருஷம் ஆனது.

அந்தப் புயல் வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அம்மா உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து மூலையில் இருக்கும் மண்பானையில் போடுவாளே, நீ சின்ன வயதில் கேலி செய்வாய். அது கேட்டு வருபவர்களுக்கு என்று வைப்பது. வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் கம்பம் நட வந்திருந்தார்கள். சேறு அப்பிய காலோடு நம் வாசலில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்கள். நமக்கே இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்று நான் முழித்தேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் பானையைக் கவிழ்த்து, விழுந்து கிடந்த மட்டையை மூட்டி உலை வைத்தாள். ஏழு பேருக்குச் சோறும் தேங்காய்த் துவையலும். ஐந்து லட்சம் பார்த்த என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை. தினம் ஒரு பிடி எடுத்து வைத்தவளிடம் இருந்தது. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது தம்பி.

அதனால்தான் சொல்கிறேன், போனஸ் வருவதற்கு முன்னாலேயே அதற்கு ஒரு கணக்கு எழுது. கையில் வந்த பிறகு எழுதினால் ஆசைதான் எழுதும். மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொள், அவள் உன்னைவிட நிதானம். வரி பிடித்தது போக வருவதை மட்டும் எழுது. தாளின் முதல் வரியில் பிறருக்குக் கொடுப்பதற்கு என்று ஒரு பங்கு. பத்தில் ஒன்று முடியாவிட்டால் இருபதில் ஒன்று. அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிடு. புது வருமான வரி முறையில் நன்கொடைக்குக் கழிவு கிடையாது என்றாய். கிடைக்காவிட்டால் என்ன, கொடு.

சித்தப்பா மகன் காலேஜ் பீஸுக்கு இருபதாயிரம் கேட்டதாகச் சொன்னாய். அந்தப் பங்கிலிருந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடு, ஆனால் கடன் என்று கொடுக்காதே. கடன் என்று கொடுத்தால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் உன்னைக் கண்டு ஒதுங்குவான், நீயும் மனதுக்குள் கணக்குப் பார்ப்பாய். பத்தாயிரம்தான் முடியும் என்றால் பத்தாயிரத்தைக் கொடுத்துவிட்டு விட்டுவிடு.

இரண்டாவது, வீட்டில் யாரும் படுத்தாலோ வேலை போனாலோ ஆறு மாதம் தாங்கும் அளவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் பெரும்பங்கு அதற்குத்தான். வங்கியிலோ தபால் நிலையத்திலோ போடு. வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்று வருகிறவனிடம் அது கிடையாது. உன் கிரெடிட் கார்டு பாக்கி ஏதாவது இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முதலில் அடை. இருக்கிறதோ இல்லையோ, என்னிடம் மறைக்க வேண்டாம்.

காரை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குழந்தையை வைத்துக்கொண்டு மழையில் பைக்கில் போகிறாய் என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் தவணை மாதாமாதம் வரும், போனஸ் வருஷத்துக்கு ஒரு தடவைதான். சம்பளத்தில் அந்தத் தவணையை மூன்று மாதம் தனியே எடுத்து வைத்துப் பார். வீடு முனகாமல் நடந்தால் வாங்கு, நான் வந்து எலுமிச்சம்பழம் வைக்கிறேன்.

அடுத்த வாரம் வெட்டு. கஜாவுக்குப் பிறகு நாம் வைத்த கன்றுகளில் இப்போதுதான் நல்ல காய் பிடித்திருக்கிறது. ஒரு சாக்கு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், பக்கத்து வீட்டுக்கும் நாலு கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை எழுதி முடித்துவிட்டுப் போன் செய். அம்மா பேத்தியின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா