அடுப்பு வளையத்தின் அளவே புகைபோக்கிக்கு அளவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டில் குளிர்காலம் தொடங்கிவிட்டது. பழைய ஓட்டு வீடுகளை விருந்தினர் விடுதிகளாக மாற்றுகிறவர்கள், கூடத்துச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் கணப்புக்குள் (குளிர்காயத் தீ மூட்டும் மாடத்துக்குள்) கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகடுப்பு ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு, ‘புகைபோக்கிதான் இருக்கிறதே’ என்று வேலையை முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பிழைக்காக இரண்டு குளிர்காலம் புகை குடித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு காப்பித் தோட்ட மேலாளர் ஒருவருக்காக வெள்ளையர் காலத்தில் கட்டப்பட்டது. கணப்பின் வாய் 36 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் கொண்டது. அதன் மேல் வெளிச்சுவரை ஒட்டி எழும் செங்கல் புகைபோக்கியின் உள்ளளவு 12 அங்குலத்துக்கு 9 அங்குலம். நான் வாங்கிய அடுப்பின் தலையில் குழாய் பொருத்தும் வளையமோ 6 அங்குல விட்டமுடையது. பொருத்த வந்தவர் மூன்றடிக் குழாய் ஒன்றை அந்த வளையத்தில் செருகி, மறுமுனையைப் பழைய புகைபோக்கிக்குள் நீட்டிவிட்டுப் போய்விட்டார். விறகு வைக்கக் கதவைத் திறந்தபோதெல்லாம் கூடம் முழுவதும் புகை சூழ்ந்தது. தை பிறப்பதற்குள் வெளிச்சுவரின் செங்கல் இணைப்புகளில் கறுத்துப் பிசுபிசுத்த நீர் கசியத் தொடங்கியது. விற்ற கடையில் கேட்டபோது விறகு சரியில்லை என்றார்கள். கொத்தனாரோ புகைபோக்கியை இடித்து இன்னும் அகலமாகக் கட்டித் தருவதாகச் சொன்னார். நல்ல வேளையாக அந்த ஆண்டு கையில் பணமில்லை.

புகை மேலே ஏறுவது வழியின் அகலத்தால் அன்று, சூட்டால். குழாய்க்குள் இருக்கும் சூடான புகை வெளிக்காற்றைவிட எடை குறைந்தது. அந்த எடை வேறுபாடும் குழாயின் உயரமும் சேர்ந்துதான் அடுப்புக்குள் காற்றை இழுக்கின்றன. இந்த இழுவையின் அளவை, ஓமலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் கரும்புச் சக்கையைத் தள்ளுகிறவர்கள் அடுப்பின் உறுமலைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். 6 அங்குல வட்டக் குழாயின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 28 சதுர அங்குலம். என் வீட்டுப் புகைபோக்கியின் பரப்பு 108. அடுப்பிலிருந்து வரும் புகை அதே அளவாக இருக்க, அது செல்லும் வழி மட்டும் ஏறக்குறைய நான்கு மடங்கு அகன்றுவிட்டால், புகையின் வேகம் கால் பங்காகக் குறைந்துவிடும். அப்படி ஊர்ந்து ஏறும் புகை, மூடுபனியில் நாளெல்லாம் ஊறிக் குளிர்ந்த செங்கல்லிடம் தன் சூட்டைப் பறிகொடுக்கிறது. சூடு குறையக் குறைய இழுவை தளர்கிறது. இழுவை தளர்ந்ததும் தீ மந்தமாகிறது. மந்தமான தீயிலிருந்து வரும் புகையோ முன்னிலும் குளிர்ந்து, முன்னிலும் கறுத்து வருகிறது. ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிவிட்ட புகையிலிருந்து தாரைப் போன்ற பொருள்கள் சுவரில் படிகின்றன. கிரியோசோட் எனப்படும் அந்தப் படிவுதான் என் வீட்டுச் சுவரில் கசிந்தது. கசிவையாவது சுண்ணாம்பு பூசி மறைக்கலாம். உள்ளே கெட்டிப்பட்ட படிவு ஒரு நாள் தீப்பற்றினால், ஓட்டுக்குக் கீழுள்ள மரச்சட்டங்கள் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

பழைய கட்டடக்காரர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. திறந்த கணப்பு, தீக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு அறைக்காற்றை விழுங்குவது. ஆகவே கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைபோக்கிக்கு இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. எங்கள் கணப்பின் வாய் 1,080 சதுர அங்குலம், அதில் பத்தில் ஒரு பங்கு 108. தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. அந்தக் கொத்தனார், அவர் யாராயினும், அங்குலம் பிசகாமல் கட்டியிருக்கிறார். கதவு மூடிய இரும்பு அடுப்பு மிகக் குறைந்த காற்றையே எடுத்துக்கொள்வதால் அதற்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு விதிகளின்படி, புகைபோக்கியின் பரப்பு அடுப்பு வளையத்தின் பரப்பைவிடக் குறையக் கூடாது. வீட்டுக்குள்ளேயே எழும் புகைபோக்கியாயின் அதன் மூன்று மடங்கையும், வெளிச்சுவரில் காற்றுபட நிற்பதாயின் இரண்டு மடங்கையும் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால், வளையத்தின் அளவே குழாய்க்கும் இருப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

நேர் எதிரான பிழையையும் அருகிலுள்ள ஒரு விடுதியில் கண்டேன். 6 அங்குல வளையம் கொண்ட அடுப்புக்கு, கடையில் இருந்தது அதுதான் என்று 4 அங்குலக் குழாயைக் குறுக்கிப் பொருத்தியிருந்தார்கள். அதன் பரப்பு பன்னிரண்டரை சதுர அங்குலம், தேவையில் பாதிகூட இல்லை. போதிய வழியில்லாத புகை அறைக்குள் திரும்பும்போது கண் எரிச்சலாவது நம்மை எழுப்பிவிடும். உடன் வரும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. குளிருக்குப் பயந்து சன்னல்களை இறுக மூடிக்கொண்டு உறங்குகிறவர்களை அது எழுப்பாது.

இழுவை போதாதபோது கூட்ட வேண்டியது உயரத்தைத்தான். அடுப்பிலிருந்து உச்சிவரை 15 அடியாவது வேண்டும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், பத்தடித் தொலைவுக்குள் இருக்கும் முகட்டைவிட 2 அடியும் மேலே நிற்க வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்குள்ள காற்று கடல் மட்டத்துக் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிந்தது. அதை ஈடுகட்ட மேலும் இரண்டு மூன்று அடி சேர்ப்பதில் தவறில்லை. குழாயைச் செங்குத்தாக மடக்கும் எல்போக்களைத் தவிர்ப்பது நல்லது. சமையலறையின் எக்ஸாஸ்ட் விசிறி ஓடும்போது என் வீட்டுப் புகைபோக்கி தலைகீழாக வேலை செய்ததையும் சொல்லியாக வேண்டும். கடைக்காரர் சொன்னதிலும் ஓரளவு உண்மை உண்டு. பச்சையாக வெட்டிய சில்வர் ஓக் கட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர்தான். ஆனால் ஓராண்டு காயவைத்த விறகை எரித்த இரண்டாம் குளிர்காலத்திலும் புகை நிற்கவில்லை.

முடிவில் நான் செய்தது பெரிய வேலையன்று. துருப்பிடிக்காத எஃகால் செய்த 6 அங்குலக் குழாயைப் பழைய புகைபோக்கியின் உச்சியிலிருந்து உள்ளே இறக்கி, அடுப்பின் வளையத்தோடு நேராக இணைத்தோம். குழாய்க்கும் செங்கல்லுக்கும் இடைப்பட்ட வெளியைச் வெர்மிகுலைட் என்னும் சூடு கடத்தாத கனிமத் துகள்களால் நிரப்பி, கீழும் மேலும் தகடு வைத்து மூடினோம். மலிவு என்பதற்காகத் துத்தநாகம் பூசிய தகரக் குழாயை இறக்கினால், புகையில் உள்ள அமிலம் விரைவில் அதை அரித்துவிடும். இப்போது கதவைத் திறந்தாலும் புகை மேலேதான் போகிறது, சுவரும் உலர்ந்துவிட்டது.

அடுப்பு விற்பவர்கள், விலையைச் சொல்வதற்கு முன் வீட்டுப் புகைபோக்கியின் உள்ளளவையும் உயரத்தையும் கேட்டறிவதை வழக்கமாக்க வேண்டும். விடுதிகளைப் பார்வையிட வரும் அலுவலர்கள் எரிவாயு உருளைகளைச் சோதிக்கும்போதே, அடுப்பு வளையத்தையும் அதன் மேலுள்ள குழாயையும் அளந்து பார்க்க வேண்டுகிறேன். அதற்கு ஓர் அளவுநாடாவும் ஐந்து நிமிடமும் போதும். அது நடக்கும்வரை, அடுப்பு வாங்கச் சேலத்துக்கு இறங்குகிறவர்கள் அதே அளவுநாடாவோடு முதலில் தங்கள் கூரைமேல் ஏறி, கண்ட அளவைத் தாளில் குறித்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டு வாசகர் ஒருவர்