‘ஃபைன்’ என்று எழுதும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

நான் போன வாரம் அவ்வளவு நீளமாக எழுதியதற்கு ‘ஐ ஆம் ஃபைன் அம்மா’ என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தாய். அதற்கு முந்தின வாரமும் அதே வரிதான். நீ நன்றாக இருந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்? சந்தோஷம்தான். ஆனால் முன்பெல்லாம் நீ எழுதியது ‘வீ ஆர் ஃபைன்’. இத்தனை வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த ‘வீ’ ‘ஐ’ ஆனது கண்ணில் படாமல் போகுமா? பட்டது. ஏன் என்று கேட்க வரவில்லை. அதை விடு.

முதலில் நேரத்துக்குத் தூங்கு. உன் பதில் வரும்போது உனக்கு நடுராத்திரி தாண்டியிருக்கிறது. நீ தூங்காமல் இருந்தால் முதலில் தலைவலி, அப்புறம் கோபம், அப்புறம் மூன்று நாள் யாருடனும் பேச்சு இல்லை. பத்து வயதிலிருந்து இதுதான் உன் வரிசை. தூங்கு.

உன் பதிலைப் பார்த்ததிலிருந்து அந்த ஒரு சொல்லிலேயே மனது நிற்கிறது. உனக்கு நினைவிருக்கும், எட்டாம் வகுப்பில் நூலகப் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்து ஃபைன் கட்டிவிட்டு வந்து கேட்டாய்: “தப்பு செய்தால் கட்டுகிற காசுக்கும் ஃபைன், நல்லா இருக்கேன் என்பதற்கும் ஃபைனா?” வகுப்பில் வேறு யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கு நாம் இருவரும் அந்தப் பெரிய அகராதியைத் தரையில் விரித்துப்போட்டு உட்கார்ந்தோம். பதிலில் பாதியை நீயே கண்டுபிடித்தாய். அப்படிப்பட்டவன் இன்று அந்தச் சொல்லை வைத்துக் கடிதத்தையே முடித்துவிடுகிறாய். அதனால் மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

எல்லாம் ஃபீனிஸ் என்ற லத்தீன் சொல்லில் தொடங்குகிறது. எல்லை, முடிவு என்று அதற்கு இரண்டு பொருளும் உண்டு. ஒருவன் நிலம் எங்கே முடிகிறதோ அது ஃபீனிஸ். ஃபைனல், ஃபினிஷ் எல்லாம் அதன் பிள்ளைகள் என்பது பார்த்தவுடனே தெரியும். டிஃபைன் என்றால் ஒன்றுக்கு எல்லை வரைவது. கன்ஃபைன் என்றால் எல்லைக்குள் அடைப்பது. அஃபினிட்டி என்ற சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது. லத்தீனில் அஃபீனிஸ் என்றால் நம் எல்லையை ஒட்டிய நிலத்துக்காரன். அதே சொல் கல்யாணத்தால் வந்த உறவுக்காரர்களையும் குறித்தது. ரத்த சம்பந்தம் இல்லை, ஆனால் வேலி ஒன்றாகிவிட்டது. ரோமானியர்கள் இதை யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். சரி, அந்தச் சொல்லில் அதிகம் நிற்க வேண்டாம்.

முடிவு என்ற சொல் எப்படி நல்லது என்று ஆனது? பழைய பிரெஞ்சில் அது ‘ஃபின்’ ஆனபோது, இனி செய்ய எதுவும் மிச்சமில்லை என்கிற அளவுக்கு முழுமையாகச் செய்து முடித்தது என்ற பொருள் வந்தது. முழுமையானது என்றால் உயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதே இந்த உயர்வு அதோடு கூட வந்துவிட்டது. கலப்பில்லாத தங்கம் ஃபைன் தங்கம். இன்றைக்கும் தங்கத்தின் சுத்தத்தை ஃபைன்னெஸ் என்றுதான் சொல்கிறார்கள், ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்று கணக்கிடுகிறார்கள். ரிஃபைன் என்பதும் இதிலிருந்து வந்ததே. அழுக்கையும் கசடையும் நீக்கிக்கொண்டே போனால் பொருள் நுண்மையாகும், மெல்லியதாகும். அதனால் மெல்லிய நூலும் ஃபைன், சலித்த பொடியும் ஃபைன், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற வித்தியாசமும் ஃபைன். மழை இல்லாத வானமும் ஃபைன். இப்படியே நீர்த்துக்கொண்டே வந்து கடைசியில், குறை சொல்ல ஒன்றும் இல்லை என்கிற அளவில் நிற்கிறது. அப்பழுக்கில்லாத தங்கத்துக்குச் சொன்ன சொல், ‘என்னைக் கேட்காதே’ என்பதற்கும் ஆகிவிட்டது.

சில சொற்கள் ஏறுகின்றன, சில இறங்குகின்றன. நைஸ் என்பது லத்தீனில் ஒன்றும் தெரியாதவன் என்ற பொருளில் புறப்பட்டு, முட்டாள் என்பதையெல்லாம் கடந்து, இனிமையானவன் என்று உயர்ந்தது. சில்லி என்பது பழைய ஆங்கிலத்தில் பாக்கியசாலி என்றிருந்து, அப்பாவி ஆகி, பாவப்பட்டவன் ஆகி, அறிவில்லாதவன் என்று கீழே வந்துவிட்டது. ஃபைன் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்பேன். அது வெறுமையாகிவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீ அதை எழுதும்போது இன்னும் பிடிக்கவில்லை.

அக்கா பெண்ணுக்குப் பள்ளி மாற்றியாயிற்று. அத்தைக்குக் கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அப்பா வழக்கம்போல.

அபராதத்தின் கதை தனி. அதுவும் அதே ஃபீனிஸ்தான். இடைக்கால இங்கிலாந்தில் சிறையில் இருக்கிறவன் அரசனுக்கு ஒரு தொகை கொடுத்து விஷயத்தை முடித்துக்கொள்வான். அதை ‘முடிவு செய்துகொள்வது’ என்றே லத்தீனில் எழுதிவைத்தார்கள். முடிப்பதற்குக் கொடுத்த காசுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அது தண்டனைப் பணம் ஆனது. ஃபைனான்ஸும் அந்தக் கிளைதான், கடனைத் தீர்த்து முடிப்பது என்பதிலிருந்து வந்தது. நூலகத்தில் நீ கட்டிய ஃபைனும் அந்தக் கணக்கை அங்கேயே முடித்துவிட்டது, பார்.

நிலம் கைமாறுவதற்கும் இங்கிலாந்தில் ஃபைன் என்று ஒரு முறை இருந்தது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் முக்கியமாக உட்கார்ந்தேன். விற்கிறவரும் வாங்குகிறவரும் முன்பே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். அப்புறம் சண்டை இருப்பது போல நீதிமன்றத்துக்கு வருவார்கள். ஒருவர் வழக்குப் போடுவார், மற்றவர் நிலம் அவருடையதுதான் என்று ஒப்புக்கொள்வார். ‘இது இறுதி இணக்கம்’ என்று தொடங்கும் ஆவணம் ஒன்றை நீதிமன்றம் எழுதிக் கொடுக்கும். ஒரே தோல் தாளில் மூன்று பிரதி எழுதுவார்கள், மேலே இரண்டு, அடியில் ஒன்று. நெளிநெளியாக வெட்டி மேலே உள்ள இரண்டையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, அடியில் இருப்பதை அரசுக் கருவூலத்தில் வைத்துக்கொள்வார்கள். பிற்காலத்தில் யாராவது பொய்ப் பிரதி கொண்டுவந்தால் வெட்டு பொருந்தாது. அடிப் பிரதியை இப்படிச் சேர்த்துவைக்கும் முறை 1195 ஜூலையில் ஹியூபர்ட் வால்டர் காலத்தில் தொடங்கியது. கேன்டர்பரி பேராயராகவும் அரசனின் தலைமை நீதி அதிகாரியாகவும் இருந்தவர் அவர். 1833இல் சட்டம் போட்டு நிறுத்தும் வரை இந்த முறை நடந்தது. அறுநூறு வருடத்துக்கு மேல்! அந்த அடித்துண்டுகள் இன்றும் லண்டனில் கியூ என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாளின் அடியில் இருந்ததால் அவற்றுக்கு ஃபைன்களின் பாதங்கள் என்று பெயர்.

அப்பா சொல்கிறார், நீயும் இப்படித்தானாம். உள்ளே எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் எங்களுக்கு ஒரு பிரதி மட்டும் அனுப்புவாயாம். அவன் முடிவு செய்துவிட்டுச் சொல்வான், அதுவரை தொந்தரவு பண்ணாதே என்கிறார். எனக்கு அது போதவில்லை. முடிவுக்கு முன்னால் இருக்கிற நாட்களும் எனக்கு வேண்டும். நீ படிக்கப் போன ஊரிலிருந்து அந்த முதல் வருடம் எழுதிய கடிதங்களில் ஒரு விஷயமும் முடிந்திருக்காது. சேரலாமா, விடலாமா, திரும்பி வந்துவிடட்டுமா என்று பக்கம் பக்கமாகக் குழம்பியிருப்பாய். அவற்றை நான் இன்னும் எடுத்துப் படிக்கிறேன். அந்த வருடம்தான் நான் உன்னைப் பற்றி அதிகம் பெருமைப்பட்டேன், முதல் மதிப்பெண் வாங்கிய வருடம் இல்லை. அது உனக்குத் தெரியாது.

அந்த ஃபைன் முறையில் இன்னொன்றும் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து மனைவியின் நிலத்தைக் கைமாற்றினால், நீதிபதி அவளைக் கணவன் இல்லாத இடத்தில் தனியாக விசாரிப்பார். இது உன் சொந்த விருப்பமா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்பார். பெண்களுக்குப் பெரிய உரிமை ஒன்றும் இல்லாத காலம். எத்தனை பேர் பயத்தில் ஆமாம் என்று சொல்லியிருப்பார்களோ. ஆனாலும் முடிவு என்று எழுதி முத்திரை வைப்பதற்கு முன்னால் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே. அதைப் படித்தபோது அந்தப் பக்கத்திலேயே வெகுநேரம் இருந்துவிட்டேன். உங்களை யார் கேட்கிறார்கள்? உன்னைத் தனியாக, அவளைத் தனியாக. நான் கேட்டால் நான் உன் அம்மாவாகத்தான் கேட்பேன், அது அவளுக்கு நியாயமாக இருக்காது. எனக்கு அது தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

நீ கல்லூரியில் ஹாம்லெட்டாக நடித்தாயே, கல்லறைக் காட்சி. மண்டை ஓடு ஒன்றைக் காட்டி, இது ஒரு வக்கீலுடையதாக இருக்கக்கூடாதா என்று பேசுவாய். நிலத்து ஃபைன்கள் எத்தனையோ போட்டவன், அவனுடைய ஃபைன்களின் ஃபைன் இதுதானா, அவனுடைய ஃபைன் தலைக்குள் ஃபைன் மண் நிறைந்துகிடக்கிறதே என்று. ஒரே வாக்கியத்தில் நான்கு முறை அந்தச் சொல். முடிவு, நில வழக்கு, நேர்த்தி, பொடி மண். நீ ஒவ்வொன்றையும் வேறு வேறு குரலில் சொன்னாய், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. எனக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினார். ஒரு சொல்லில் எத்தனை இருக்கிறது என்று அவ்வளவு நன்றாகத் தெரிந்தவன் எனக்கு எழுதும்போது அதில் எதையும் வைக்காமல் அனுப்புகிறாய். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதற்கு மேல் அதைச் சொல்லமாட்டேன்.

நன்றாக இல்லை என்றால் இல்லை என்று எழுது. பக்கம் பக்கமாக வேண்டாம், இரண்டு வரி போதும். யார் மேல் தப்பு என்று நான் கேட்கமாட்டேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன். அந்தச் சமயத்தில் உன் சித்தப்பா விஷயத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பேசியது போல இங்கே யாரும் பேசப்போவதில்லை, பேசவும் விடமாட்டேன். தூங்கு. மறுபடியும் சொல்கிறேன், போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்காதே.

இன்னும் ஒரு விஷயம். அடுத்த மாதம் அவள் பிறந்தநாள் வருகிறது. ஒவ்வொரு வருடமும் நான் உனக்குச் சொல்லாமலே அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுவேன், அவளும் கையால் எழுதிப் பதில் போடுவாள். இந்த வருடமும் எழுதிவிட்டேன், ஆனால் இன்னும் அனுப்பவில்லை. பழைய முகவரிக்கே அனுப்பலாமா, வேறு முகவரி ஏதாவது இருக்கிறதா? அதை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அம்மா