மனநிலை வகுப்பு இருக்கட்டும், முதலில் தொழில் உரிமத்துக்கு வழி சொல்லுங்கள்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் புதிதாக வந்தவர்களுக்கு வேலைவாய்ப்புச் சேவை நடத்தும் நிலையங்களின் நிர்வாகிகளுக்கும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

“மனநிலையை மாற்றுங்கள், வேலை தேடி வரும்” என்று இந்த மாதமும் ஒரு பட்டறை அறிவித்திருக்கிறீர்கள். காலை 9.30க்குத் தொடக்கம், முடிவில் சான்றிதழும் உண்டு. அதற்கு யார் வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏஜென்சி மூலம் வேர்ஹவுஸில் இரவு வேலை செய்து, காலை ஏழு மணிக்கு வெளியே வந்து, இரண்டு பஸ் மாறி வந்து சேரும் சிவில் பொறியியலாளர் போன்றவர்கள்தான். அவருக்குத் தன்னம்பிக்கை வீடியோ போட்டுக் காட்டுகிறீர்கள். இடையில் அவர் கண்ணயர்ந்தால் அதையும் மனநிலைக் கோளாறு என்று எழுதிவைப்பீர்களோ என்னவோ.

மனநிலை ஒரு பொருட்டே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. புதிதாக வந்தவர்களில் சிலர் பிறந்த திகதி, திருமண விபரம், படம் எல்லாம் போட்ட நாலு பக்க றெசுமேயை எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி அனுப்புகிறார்கள். நேர்முகத்தில் “நாங்கள் செய்தோம்” என்று சொல்லித் தன் பங்கைத் தானே மறைக்கிறார்கள். பொறியியலாளராக இருந்தவர், அதற்கு ஒரு படி கீழான டெக்னோலஜிஸ்ட் வேலையைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து விண்ணப்பிக்கவே மறுக்கிறார். இந்தக் கடைசித் தடை உண்மையிலேயே மனதில் இருப்பது, பலரை வருடக்கணக்கில் பிடித்து வைப்பதும் அதுதான். ஆனால் அதைப் பட்டறை போக்காது. உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் செய்யும் பொறியியல் வேலை பிறகு உரிமத்துக்கான அனுபவமாகக் கணக்கில் வரலாம் என்று, தொழில் தெரிந்த ஒருவர் எதிரே இருந்து அரை மணி நேரம் சொன்னால் போதும்.

குடிவரவுக்காக எடுத்த கல்வி மதிப்பீட்டு அறிக்கையையே வந்தவர்களில் பலர் உரிமம்போல நினைக்கிறார்கள். அது புள்ளி சேர்க்க உதவியது, அவ்வளவுதான். ஒன்ராறியோவில் பொறியியலாளர் உரிமம் கொடுக்கும் அமைப்பான பீ.ஈ.ஓ. (PEO) பட்டத்தைத் தன் விதிப்படி மீண்டும் பார்க்கும். 2023 மே மாதம் கனடாவில் வேலை செய்த அனுபவம் கட்டாயம் என்ற விதியை அது நீக்கியது நல்ல செய்தி. ஆனால் 48 மாத அனுபவம் இன்னும் வேண்டும். எந்தத் திறனை எந்த வேலையில் காட்டினீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அந்த வேலையை அறிந்த ஒருவர் அதை உறுதிப்படுத்தவும் வேண்டும். சிக்கல் இங்கேதான். ஊரில் இருந்த மேலதிகாரி ஓய்வு பெற்றுவிடுவார், கொம்பனி மூடிவிடும், பழைய மின்னஞ்சல் வேலை செய்யாது. வந்த முதல் மாதத்தில் நாலு அழைப்பில் முடியக்கூடிய காரியம், இரண்டு வருடம் பெட்டி தூக்கிய பிறகு ஆள் தேடும் படலமாகிவிடுகிறது. அதற்குள் றெசுமேயின் முதல் வரியில் வேர்ஹவுஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்க்கிறவர் அதற்குக் கீழே வாசிப்பதில்லை.

ஆகவே நாங்கள் முதலில் கேட்பது இதுதான். முதல் சந்திப்பிலேயே, அவரவர் தொழிலுக்கு உரிமம் வேண்டுமா, யார் கொடுப்பது, எந்தக் கடிதம் யாரிடம் வாங்க வேண்டும், எந்தப் பரீட்சை, எவ்வளவு கட்டணம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

மனநிலை மாற வேண்டியவர்கள் இன்னொரு பக்கமும் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் பொருளியலாளர் பிலிப் ஒரியோபொலஸ் செய்த ஆய்வில் தகுதி ஒன்றாகவே இருக்க, ஆங்கிலப் பெயர் போட்ட றெசுமேக்கு இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களைவிடக் கூடுதலான அழைப்புகள் வந்தன. கனடா அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது பாரபட்சம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் அதைக் கேட்கவே கூடாது. கேட்டால் எங்கே முறையிடுவது என்று உங்கள் பட்டறையில் ஒரு ஸ்லைட் உண்டா? முதலாளிமாருக்கும் காலை 9.30க்கு ஒரு வகுப்பு வைத்துச் சான்றிதழ் கொடுக்கலாமே.

கோபத்தில் கொஞ்சம் தடம் மாறிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆலோசகர்கள் ஒவ்வொருவருக்கும் எத்தனை பேரின் கோப்புகள் என்பதும், வகுப்புக்கு வந்த தலைகளை எண்ணித்தான் நிதி கொடுப்பவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் புதிதாக நிதி எதுவும் கேட்கவில்லை. பட்டறைக்கு ஒதுக்கிய மூன்றரை மணி நேரத்தில் ஒன்றரை மணியை எடுத்து, தொழில்வாரியாக உரிமத் தாள் எழுத ஆலோசகர்களுக்குக் கொடுங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், அந்தந்தத் தொழிலில் இருப்பவரைக் கூட்டிவந்து நேர்முகப் பயிற்சி வையுங்கள். “நீங்கள் செய்தது என்ன?” என்று அவர் மூன்று தரம் திருப்பிக் கேட்டால் “நாங்கள்” தானாக “நான்” ஆகும்.

அடுத்த மாத அட்டவணை அச்சுக்குப் போகுமுன் இதைப் பரிசீலிக்கும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம். பொறியியல், தாதியியல், கணக்கியல் ஆகிய மூன்றுக்கும் மாதிரித் தாளை எழுதித் தர நாங்கள் ஆயத்தம். எங்கே அனுப்ப வேண்டும் என்று மட்டும் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
இதே துறையில் வேலை செய்யும் சிலர்,
ஸ்காபரோ